எல்லாருக்கும் புது ஒக்கோ

கவர்னர் மாளிகையில் அலானி ஃபலோதுனுக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் மிகவும் நீளம். கதவில் மாட்டிய பலகையில் அது இரண்டு வரி பிடித்தது. பத்திரிகைக்காரர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் கவர்னர் சொன்னதை எழுதி அனுப்புகிற வேலை. ஆனால் வாசல் காவலர் முதல் சமையல்கட்டில் வள்ளிக்கிழங்கு இடிக்கிற பெண்கள் வரை யாரும் பலகையில் இருந்ததைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. ‘கீறல்காரர்’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

யொருபா பேச்சு பாதி பாட்டு மாதிரி. ஒரே சொல்லை மேலே தூக்கிச் சொன்னால் ஒரு பொருள், கீழே இறக்கினால் வேறு பொருள். எழுதும்போது எழுத்தின் தலையில் சின்னதாகக் கீறல் போட்டால்தான் தூக்க வேண்டுமா, இறக்க வேண்டுமா என்று தெரியும். அவசரக்காரர்கள் போடமாட்டார்கள். படிக்கிறவர் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அலானி விடமாட்டார். அவர் சட்டைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா ஒன்று இருக்கும். கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்தாலும் சரி, மருந்துச் சீட்டு கிடைத்தாலும் சரி, கீறல் போட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்.

அவருடைய அப்பா கோவிலில் உபதேசியாராக இருந்தவர். ஞானப்பாட்டில் ஒரு கீறல் தவறினால் ஆண்டவரைத் துதிக்கிறதற்குப் பதிலாக ஆட்டைத் துதிக்க நேரிடும் என்று சொல்லியே மகனை வளர்த்தார். அலானி இருபத்திரண்டு வருடம் ஒரு சின்ன அச்சகத்தில் ஜெபப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தினார். அந்த வேலையிலேயே தலை நரைக்க வேண்டியவர்தான். ஒரு கத்தரிக்காய் அவரை மாளிகைக்குக் கொண்டுவந்துவிட்டது.

கவர்னர் பொலாரின்வா சின்ன வயதிலேயே வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், பிறகு தலைநகரில் பெரிய வேலை பார்த்து, ஐம்பது வயதைத் தாண்டித்தான் சொந்த ஊருக்கு ஓட்டுக் கேட்க வந்தவர். அவர் யொருபா பேசினால் சொல்லெல்லாம் சரியாகத்தான் இருக்கும். பாட்டுத்தான் எங்கோ போகும். நான்கு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை ஜெயித்ததும் நன்றி சொல்ல அலானியின் கோவிலுக்கு வந்தார். எழுந்து நின்று, கையை விரித்து, ‘கடவுள் நமக்குத் தந்த காலம் இது’ என்று சொல்ல நினைத்தார். ‘கடவுள் நமக்குத் தந்த கத்தரிக்காய் இது’ என்று சொன்னார். யொருபாவில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், தூக்கல்தான் வேறு. கோவிலில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் திடீரென்று குனிந்து செருப்பைத் தேடினார்கள். முன் வரிசையில் இருந்த அலானி மட்டும் மெதுவாக எழுந்து போய்க் கவர்னரின் காதில் அந்தச் சொல்லைச் சரியாகச் சொன்னார். கவர்னர் திரும்பச் சொன்னார். காலம் காலமாகவே வந்தது.

மறுநாள் கறுப்புக் கார் வீட்டுக்கு வந்தது. “கத்தரிக்காயை நிறுத்தின ஆளு இங்கதானே இருக்காரு?” என்று டிரைவர் கேட்டான்.

அன்றிலிருந்து கவர்னரின் ஒவ்வொரு பேச்சும் சிவப்புக் கீறலோடுதான் அவர் கைக்குப் போகும். தூக்க வேண்டிய இடத்தில் தூக்கி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி அவர் வாசித்தால் கேட்கிறவர்கள் தலையாட்டினார்கள். ‘மண்ணை மறக்காத மனிதர்’ என்று பத்திரிகைகள் எழுதின. மாளிகைக்கு வெளியே அந்தக் கீறலைப் பற்றி அலானியின் மனைவி அபெனிக்குத்தான் தெரியும். பிறகு ஆண்டவருக்கும் தெரியும்.

இப்போது இரண்டாம் தடவை தேர்தல் வந்திருந்தது. ஓட்டு வேலையை முன்னின்று நடத்தியவர் சீஃப் ஒலாபோடே. பெரிய அங்கி, பெரிய குரல், இரண்டு போன். அவருக்கு அலானியைக் கண்டாலே பிடிக்காது. “ஓட்டுப் போடுறவன் கீறலைப் பாத்தா போடறான்? சாமி பாட்டு திருத்தினவரை எல்லாம் கூட்டி வெச்சிருக்காரு நம்மாளு” என்று அலானி காதில் விழும்படியே சொல்வார்.

அது அறுவடை ஸ்தோத்திர ஞாயிறு. கோவில் முழுக்க வாழைத்தாரும் மரவள்ளியும் உயிர்க்கோழியுமாக இருந்தது. போதகர் பிரசங்கத்தின் மூன்றாம் பகுதிக்கு வந்திருந்தார். அப்போது அலானியின் போன் பையில் துடித்தது. சீஃப்தான். விவசாயப் பெண்களுக்குப் புது மண்வெட்டி கொடுக்கிற திட்டம் மத்தியானச் செய்தியில் வந்தாக வேண்டும், பத்து நிமிஷத்தில் வானொலிக்கு யொருபாவில் எழுதி அனுப்பு என்று செய்தி.

அலானி போனை ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு எழுதினார். போனில் கீறல் போட ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். பத்து வரிக்கு எத்தனை எழுத்து! பக்கத்தில் அபெனி முழங்கையால் இடித்தாள்.

“ஆண்டவர் பாக்கிறாரு.”

“இதோ முடிஞ்சுது.”

“போதகரும் பாக்கிறாரு.”

அலானி அவசரமாகக் கடைசி வரியை முடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கீறல்கூடப் போடாமல் அனுப்பிவிட்டார். வாசிக்கப்போவது அடுன்னி, பதினைந்து வருடமாகச் செய்தி வாசிக்கிறவள், பார்த்ததும் புரிந்துகொள்வாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு போனை அணைத்தார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒக்கோ. கடைசியில் குரலை மேலே தூக்கினால் மண்வெட்டி. தூக்காமல் இறக்காமல் சமமாகச் சொன்னால் புருஷன். கடைசியில் இறக்கினால் வண்டி. முதலிலிருந்தே இறக்கிச் சொன்னால் ஈட்டி. கீறல் இல்லாமல் எழுதினால் நான்கும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து இடித்த கிழங்கையும் கீரைக் குழம்பையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அபெனி வானொலியைத் திருப்பினாள். அடுன்னியின் குரல் தேன் மாதிரி வந்தது.

“தனியாகப் பாடுபடும் விவசாயப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் வரும் விதைப்புக்கு முன்னால் புதுப் புருஷன் வழங்கக் கவர்னர் உத்தரவிட்டுள்ளார்.”

அலானியின் கை குழம்பிலேயே நின்றுவிட்டது.

அடுன்னியைக் குறை சொல்ல முடியாது. செய்தி தொடங்கிய பிறகுதான் தாள் அவள் கைக்கு வந்தது. ‘தனியாகப் பாடுபடும் பெண்கள்’ என்று தொடங்கினால் யாருக்கும் வாய் அந்தப் பக்கம்தான் போகும். ஒரு தடவை போய்விட்டால் பிறகு நடுவில் திரும்ப வழியில்லை. அவள் குரல் கொஞ்சம் ஆடியது. ஆனாலும் தொழில் தெரிந்தவள், நிறுத்தாமல் வாசித்தாள்.

“இந்தப் புருஷன்கள் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. நம் ஊர்க் கொல்லர்களே அடித்து உருவாக்கியவை. எளிதில் தேயாதவை. கைக்கு அடக்கமானவை. பழைய புருஷனை ஊர் அலுவலகத்தில் ஒப்படைத்துப் புதியதைப் பெற்றுக்கொள்ளலாம்.”

அபெனி சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான் முடிந்தது.

“ஏங்க, இரட்டைப்பிள்ளை அப்பா,” என்றாள். “இந்த ஊர் அலுவலகம் நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க?”

சாயங்காலத்துக்குள் மாநிலம் பூராவும் இதே பேச்சு. இலேமோ ஊரில் ஒரு தச்சர், மனைவி தன்னை ஒப்படைத்துவிடுவாள் என்று பயந்து இரண்டு மாதமாக ஒழுகின கூரைக்கு ஒரே மூச்சில் ஓடு மாற்றினாராம். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத் தெருவாகப் போனார்கள். “ரோடு போடத் துப்பில்லை, புருஷனை மாத்திக் குடுக்க வந்துட்டாங்க!”

தேர்தலுக்குப் பதிமூன்று நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அலானி கவர்னர் அறைக்குள் போனார். வழக்கப்படி தரையில் நீளமாக விழுந்து வணங்கினார். எப்போதும் உடனே “எழுந்திரு” என்று வரும். அன்றைக்கு வரவில்லை. கம்பளத்தில் மூக்கு பதிய, ஆண்டவரே இது என்னுடைய தப்பு, என்னைக் கைவிடாதேயும் என்று அங்கேயே ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கொண்டார்.

“எழுந்திரு,” என்றார் கவர்னர் கடைசியில். “என் மனைவி நேத்திலேர்ந்து எங்கூடப் பேசல. பழைய புருஷன்னு என்னையே சொல்லிக்கிட்டேனான்னு கேக்கறா.”

சீஃப் ஒலாபோடே ஒரு தாளை நீட்டினார். “கையெழுத்துப் போடும் ஓய். அந்த வாசிக்கிற பொண்ணு எதிர்க்கட்சி ஆளு, வேணும்னே மாத்தி வாசிச்சான்னு எழுதியிருக்கேன். அவளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கதை முடிஞ்சுது.”

அலானி தாளைப் படித்தார். கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போனது. தாளிலும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

“சீஃப், அவ மாத்தி வாசிக்கல. நான் கீறல் போடல.”

“அது எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே எழுதியிருக்கு!”

“தெரிஞ்சு எழுதினா அது பொய்யாச்சே, சீஃப்.”

சீஃப் கவர்னரைப் பார்த்தார். “எக்ஸலென்ஸி, இவரை வெச்சுக்கிட்டு நாம ஜெபக்கூட்டம் நடத்தலாம். தேர்தல் நடத்த முடியாது.”

கவர்னர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவரில்லை. பயந்துபோன மனிதர். “அலானி, நாளைக்கு இலேமோ சந்தையில ஆயிரக்கணக்கான பொம்பளைங்க முன்னாடி நான் நிக்கணும். கையெழுத்துப் போடு. போடலைன்னா, சந்தை முடிஞ்சதும் நீ வீட்டுக்குப் போயிடலாம்.”

அலானிக்கு வீடு கண் முன்னால் வந்தது. இரட்டைப் பெண்கள் இரண்டு பேரும் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். அச்சகம் போன வருடமே மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் கீறல் போடுகிறவனை வேறு யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

“போட முடியாது, எக்ஸலென்ஸி,” என்றார். பிறகு, பழக்கம் விடவில்லை, “நாளைக்குப் பேச்சு யார் எழுதறாங்க? கீறல் மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போறேனே?” என்று கேட்டார்.

“உன் கீறல் போதும்!” என்று கவர்னர் கத்தினார்.

அலானி அங்கிருந்து நேராக வானொலி நிலையத்துக்குப் போனார். தப்பு தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்தார். மண்வெட்டிச் செய்தியையும் மறுபடி எழுதினார். இந்தத் தடவை ஒக்கோ வந்த ஒவ்வோர் இடத்திலும் கீறலைத் தடியாக, குருடனுக்கும் தெரிகிற மாதிரி போட்டார்.

அடுன்னி வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணே, நான் ரெண்டாவது வரியிலேயே செத்துட்டேண்ணே. ‘கைக்கு அடக்கமானவை’ன்னு வந்தப்போ தண்ணியில விழுந்த மாதிரி ஆச்சு.”

“அந்த இடம் நல்லா வாசிச்சம்மா,” என்றார் அலானி. வேறு என்ன சொல்ல!

திருத்தம் இரண்டு தடவை வாசிக்கப்பட்டது. ஆனால் ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போது திருத்தம் யார் காதில் ஏறும்?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அபெனி வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளிப் பாத்தியிலிருந்து மண் ஒட்டிய மண்வெட்டியோடு வந்தாள். கையில் இருந்ததைப் பழைய துணியில் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

“இது எதுக்கு? எனக்கு வேலை போகப்போற நாளு. வயலுக்கா போறேன்?”

“எடுத்துட்டுப் போங்க. வாயால சொன்னாத்தானே தூக்கணும், இறக்கணும்? இதைக் காட்டினா எந்தக் கீறலும் வேணாம். பத்திரமா திருப்பிக் கொண்டாங்க, பாதிப் பாத்தி இன்னும் பாக்கி.”

இலேமோ சந்தையில் எள் போட்டால் விழாத கூட்டம். பெண்கள் தலையில் பெரிய பெரிய தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சந்தைத் தலைவி சிக்கிராத் அம்மா. மிளகாய் வியாபாரம். சந்தையில் அவர் சொன்னால் கடை திறக்கும், அவர் சொன்னால் மூடும். அலானி துணிமூட்டையோடு மேடைக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் ஓரமாக நின்றுகொண்டார். கவர்னர் கண்ணில் பட வேண்டாம் என்று.

கவர்னர் எழுந்தார். சீஃப் எழுதிக்கொடுத்த தாள். சுத்தமான வெள்ளைத் தாள். சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

“தாய்மாரே!” என்று நன்றாகத்தான் தொடங்கினார். “நான் உங்களுக்குத் தர்றதாச் சொன்னது புருஷன் இல்லை, மண்வெட்டி” என்று சொல்ல வேண்டும். முதல் ஒக்கோவைச் சமமாக விட்டு, இரண்டாவதை மட்டும் கடைசியில் தூக்க வேண்டும். அவர் முதல் ஒக்கோவைத் தூக்கினார், இரண்டாவதை இறக்கினார். வந்தது என்னவென்றால்:

“நான் உங்களுக்குத் தர்றதாச் சொன்னது மண்வெட்டி இல்லை. வண்டி!”

சந்தையில் ஓடு பறக்கிற மாதிரி ஒரு கூச்சல் எழுந்தது. சீஃப் இரண்டு போனையும் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

சிக்கிராத் அம்மா எழுந்தார். “மகனே, புருஷன் வேணாம்னு நாங்க நேத்தே பேசி முடிவு பண்ணிட்டோம். இருக்கிறதையே வெச்சு ஓட்டிக்கிறோம். வண்டின்னா சம்மதம். என்ன கலரு?”

“எனக்குச் சிவப்பு!” என்று ஒரு பெண் கத்தினாள்.

“இல்லை, இல்லை!” கவர்னர் கையை வேகமாக ஆட்டினார். வியர்வை கழுத்தில் வழிந்தது. “வண்டி இல்லை! நான் சொன்னது” என்று மூச்சை இழுத்து, இந்தத் தடவை ‘ஒக்’, ‘கோ’ இரண்டையும் கீழே போட்டார்.

“ஈட்டியா?” என்றார் சிக்கிராத் அம்மா. “யாரைக் குத்தறதுக்கு மகனே? பழைய புருஷனையா?”

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மேளக்காரன் ஒருவன் சும்மா இருப்பானா? அந்த ஊர் மேளம் பேச்சைப் போலவே ஏறி இறங்கிப் பேசுகிற மேளம். புருஷன், வண்டி, ஈட்டி என்று மூன்றையும் மாற்றி மாற்றி அடித்தான். மண்வெட்டியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டான்.

கவர்னர் தாளைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். அவர் தேடினது எது என்று அலானிக்குத் தெரிந்தது. நான்கு வருடமாகக் கண்ணுக்குப் பழகின சிவப்பு. அலானிக்கு அந்த நேரத்தில் வேலை ஞாபகம் வரவில்லை. கோவிலில் கத்தரிக்காய் சொன்ன அன்றைக்கு அந்த முகத்தில் இருந்த தவிப்புத்தான் ஞாபகம் வந்தது. துணியை உருவிப் போட்டுவிட்டு, மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேடையேறினார். காய்ந்த மண் கட்டி உடைந்து கவர்னரின் தோளில் விழுந்தது.

யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “ஆ! அதுவா!” என்று சந்தையே ஒரே குரலில் சொன்னது.

அலானி அதைக் கவர்னர் கையில் கொடுத்துவிட்டுப் பெண்களுக்கு முன்னால் மேடையிலேயே நீளமாக விழுந்தார். “தாய்மாரே, தப்பு கவர்னருது இல்லை. வானொலிப் பொண்ணோடதும் இல்லை. கோவில்ல பிரசங்கம் கேக்காம போனைத் தட்டின நான்தான் கீறலை விட்டேன்.”

“கோவில்லயா? நீ அனுபவிக்க வேண்டியதுதான்,” என்றார் சிக்கிராத் அம்மா. “எழுந்திரு. இப்போ அதைச் சரியாச் சொல்லு.”

அலானி சொன்னார். கடைசியில் குரல் அழகாக மேலே போய் நின்றது.

“இப்போ நீ சொல்லு மகனே.”

கவர்னர் சொன்னார். புருஷன் வந்தது.

“தூக்கு! மேல தூக்கு!” என்று முன் வரிசை கத்தியது. கவர்னருக்குக் குரலைத் தூக்கத் தெரியவில்லை. அலானி அவர் காதருகே குனிந்து, “எக்ஸலென்ஸி, கையையும் சேத்துத் தூக்குங்க,” என்றார். கவர்னர் ‘ஒக்’ வரை தாழ வைத்திருந்து ‘கோ’வில் மண்வெட்டியை வானத்துக்கு உயர்த்தினார். குரலும் கூடவே போய்விட்டது. மண்வெட்டி! சந்தை கைதட்டியது. “இன்னொரு தடவை!” என்றது. கவர்னர் ஏழெட்டுத் தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் பெண்களும் கூடவே கையைத் தூக்கினார்கள். மேளக்காரனும் மனசு மாறி அதையே அடித்தான்.

திரும்பும்போது கவர்னர் அலானியைத் தன் காரிலேயே ஏறச் சொன்னார். மண்வெட்டி அவர் முழங்காலுக்கு நடுவில் நின்றது. பாதி வழி வந்ததும் வியாழக்கிழமைப் பேச்சின் தாளை எடுத்து நீட்டினார்.

“எக்ஸலென்ஸி, சந்தை முடிஞ்சதும் வீட்டுக்குப் போகச் சொன்னீங்களே?”

“ஆமா, போ. சாப்பிட்டுட்டு வா,” என்றார் கவர்னர். கொஞ்சம் பொறுத்து, “அந்த வாசிக்கிற பொண்ணு நல்லாத்தான் வாசிக்குது,” என்றும் சொன்னார். அலானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

தேர்தலில் கவர்னர் தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய வெற்றி இல்லை. இலேமோவில் மட்டும் பெட்டி பெட்டியாக விழுந்திருந்தது. அபெனியின் மண்வெட்டி மாளிகையிலேயே தங்கிவிட்டது. வருகிறவர்களுக்குக் காட்டக் கவர்னர் அதைத் தன் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டார். திருப்பிக் கேட்க அலானிக்கு வாய் வரவில்லை. பாதிப் பாத்தி அப்படியே கிடந்தது.

விதைப்புக்கு முன்னால், தனி என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் புது மண்வெட்டி கொடுக்கத் தொடங்கினார்கள். அபெனி புருஷனையும் கூட்டிக்கொண்டு ஊர் அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் தேய்ந்த மண்வெட்டியை மேஜையில் வைத்துப் புதியதை வாங்கிப் போனார்கள். அபெனியின் முறை வந்தது.

“பழைய ஒக்கோ எங்கம்மா?” என்று எழுத்தர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். அவர் குரல் கடைசியில் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. பாவம், காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருந்தார்.

அபெனி அலானியின் கையைப் பிடித்து மேஜைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“இதோ இருக்கு. கொஞ்சம் தேஞ்சிருக்கு, பரவாயில்லையா?”

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். வரிசை முழுவதும் சிரித்தது. அலானி மட்டும் சிரிக்கவில்லை. மேஜையில் தலைகீழாகத் தெரிந்த பதிவேட்டின் தலைப்பை அவர் வாசித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கீறலும் இல்லை. அவர் கை சட்டைப்பைக்குப் போனது.